ஒரு பவுண்டு

எழுத்தர் வாய்விட்டு வாசித்தார்:
கைமேல் கொடுத்த மஹர், ஒரு பவுண்டு.
பின்னால் தரவேண்டியது, ஐயாயிரம்.

அறையில் ஒருவரும் சிரிக்கவில்லை.
பத்திரக் கட்டணம் குறையட்டும் என்று
மஹல்லாவில் எல்லா வீட்டிலும் அப்படித்தான் எழுதுவார்கள்.
நிக்காஹ் அன்று மாமா பேனாவை மூடிக்கொண்டே சொன்னார்:
"சும்மா ஒரு கணக்குக்கு."

அந்தக் கணக்கை நேர்செய்ய வந்திருக்கிறேன்.
குலா கேட்பவள்
வாங்கியதைத் திருப்பித் தரவேண்டும்.
வரவேண்டியதை விட்டுவிட வேண்டும்.

ரஅஃபத் என்னை அடித்ததில்லை.
என் வழக்கின் குறையே அதுதான் என்றார் வக்கீல் இக்லாஸ்.
பழைய வழியில் போனால் காயம் வேண்டும்,
காயத்தைப் பார்த்த இரண்டு பேர் வேண்டும்.
நான் எதைக் காட்டுவேன்?
என் சம்பள அட்டை ஆறு வருடமாக
அவன் சட்டைப்பையில் இருந்ததையா?
முதல் தேதியில் அவன் எண்ணித் தரும்
பேருந்துக் காசையா?
இரவு ஷிஃப்ட் முடிந்து, முடியெல்லாம் பஞ்சோடு நின்று
ஒரு ஜோடி செருப்புக்குக் காரணம் சொன்னதையா?
அதற்கு எக்ஸ்ரே எடுக்க முடியாது.

சமரசம் பேச இருவர் வந்தார்கள்.
என் பக்கம் சித்தப்பா, அவன் பக்கம் அவன் அக்காள் புருஷன்.
பஸ்பூஸா தின்றார்கள். விரலை நக்கினார்கள்.
"சுவரின் நிழலைவிட ஆணின் நிழல் மேல்" என்றார் சித்தப்பா.
எங்கள் ஊரில் பெண்பிள்ளைகள்
பல் முளைக்குமுன் கேட்டுவிடும் வாக்கியம்.
"சுவருக்கு என் ரகசிய எண் தெரியாது, சித்தப்பா."
அவர் இன்னொரு துண்டு எடுத்துக்கொண்டார்.

நபவிய்யா அத்தை இதே கட்டடத்தில்
பதினான்கு வருடம் படி ஏறினாள்.
மனைவியும் இல்லை, மணம் முறிந்தவளும் இல்லை,
கொடியில் காயப்போட்டு மறந்த துணி.
சட்டம் மாறியபோது அவளுக்கு முட்டி தேய்ந்திருந்தது.
இனிமேல் எதற்கு என்று திரும்பிப் படுத்துக்கொண்டாள்.
நேற்று தொலைபேசியில் கேட்டாள்:
மூன்றாம் மாடியில் அந்த உடைந்த படி
இன்னும் அப்படியேதானா?
அப்படியேதான், அத்தை.

நீதிபதி என்னைச் சொல்லச் சொன்னார்.
நூற்பு இயந்திரங்களின் இரைச்சலில்
பத்து நாள் பழகிய வாக்கியம்:
இவரோடு வாழ்வதை வெறுக்கிறேன்,
இறைவன் வகுத்த எல்லையை மீறிவிடுவேனோ என்று அஞ்சுகிறேன்.
வெறுக்கிறேன் என்ற சொல்
என் காலுக்கு ஓர் அளவு பெரிய செருப்பு.
உண்மையில் களைத்துவிட்டேன்.
சட்டத்தில் அதற்கு ஒரு பிரிவு இல்லை.
இருந்த செருப்பைப் போட்டுக்கொண்டு நடந்தேன்.

கைப்பையைத் துழாவி நாணயத்தை எடுத்தேன்.
கல்யாணத்தின்போது பவுண்டு என்பது நோட்டு.
இப்போது உலோகம், ஒரு பக்கம்
தங்க முகமூடிக்குள் சிறுவயது அரசன்.
மேசையில் வைத்தேன். அவன் வக்கீல்
ரசீது எழுதப் பேனா கடன் கேட்டார்,
என்னிடமே.

மேல்முறையீடு கிடையாது என்றார் எழுத்தர்.
இன்னொரு முறை சொல்லுங்கள் என்றேன்.
காது கேட்காதவளுக்குச் சொல்வதுபோல் உரக்கச் சொன்னார்.
பெஞ்சில் தடித்த கோப்போடு காத்திருந்தவள்
நிமிர்ந்து பார்த்தாள்.

ரஅஃபத் வரவில்லை.
காப்பிக்கடையில் இனி அவனை என்னவென்று கூப்பிடுவார்கள் என்று தெரியும்:
பெண்டாட்டி கழற்றிப் போட்டவன்.
அதை நினைத்துக் கொஞ்சம் வருந்தினேன்,
அந்த உடைந்த படி வரும்வரை.

தஸ்னீமுக்குப் பள்ளி விட இன்னும் ஒரு மணி நேரம்.
ஆலைக்குப் பக்கத்து வங்கியில் புது அட்டையைச் செருகினேன்.
எண்களைக் கையால் மறைத்து அழுத்தினேன்,
பின்னால் யாருமே இல்லாதபோதும்.

திரை கேட்டது: எவ்வளவு?
ஐம்பது. நூறு. இருநூறு. வேறு தொகை.

யாரும் கேட்டதில்லை. பதில் தெரியவில்லை.
வெயில் திரையில் விழுந்து எண்கள் மங்கின.
யாரோ வந்து பின்னால் நின்று
தொண்டையைச் செருமினார்.

திரை மாறியது:
இன்னும் நேரம் வேண்டுமா?